துணி ஏற்றாத படகு

“பசுவைப் பார்த்துட்டு எவனோ மறைக்கிறான்” என்றார் ரயீஸ் பகீத். “அவன் இந்த அறையிலதான் உட்கார்ந்து இஞ்சிக் காப்பி குடிச்சிட்டிருக்கான்.”

படகுக்காரன் அத்லான் குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

பகீத் அந்தச் செங்கடல் கரைப் படகுக்காரர்களுக்கெல்லாம் தலைவர்; அதைத்தான் அவர்கள் ‘ரயீஸ்’ என்பார்கள். பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்பார்கள். பிணத்துக்கு முன்னால் பகீத் திறந்துவிடுவார் என்று ஊரே கேலி பேசும்.

அந்த ஊருக்கே படியளப்பது ஒரே ஒரு கடற்பசு. அது பாட்டுக்குக் கடலடிப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கத்தான் வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். படகு ஓடுவதும், கரையில் பெண்கள் சுடுகிற ரொட்டி விற்பதும் அதன் புண்ணியத்தில்தான். மீன் வலைகளை எல்லாரும் எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள்.

அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பசுவை முதலில் பார்க்கிறவன் படகுக் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏற்ற வேண்டும். மற்றவர்களும் வந்து காட்டிப் பிழைப்பார்கள். பார்த்துவிட்டு மறைத்தவன் படகு அந்தப் பருவம் முழுக்கக் கரையில்தான்.

கொஞ்ச நாளாக எந்தக் கம்பத்திலும் துணி ஏறவில்லை. பயணிகளை ஏற்றி வரும் வேன்கள் அடுத்த ஊருக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டன. அத்லான் மனைவி சுட்ட ரொட்டியை வீட்டு ஆடுகள்தான் தின்றன.

“எவனோ ஹோட்டல்காரன்கிட்ட கை நீட்டிட்டு, அவன் ஆளுங்களுக்கு மட்டும் திருட்டுத்தனமா காட்டறான்” என்று கத்தினான் ஈத். அத்லானின் மைத்துனன். வருமானம் நின்றதில் அவன் மகள் கல்யாணமே தள்ளிப்போயிருந்தது.

அத்லான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பார்த்திருந்தான். முனைக்கு அந்தப் பக்கம், ஆழமில்லாத தண்ணீரில், தாயின் கையிடுக்கில் ஒட்டிக்கொண்டு ஒரு கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. அத்தனை படகும் இரைச்சலோடு சூழ்ந்தால் தாய் மிரண்டு ஓடும், கன்று தனியாக நிற்கும். துணியைக் கையில் எடுத்தவன், அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு படகைத் திருப்பிவிட்டான். பயணிகள் மறுபக்கம் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

பகீத்திடம் சொல்லியிருக்கலாமே என்றால், கன்று என்ற பேச்சைக் கேட்டதும் அவர் கட்டணத்தை ஏற்றிவிட்டு இன்னும் நாலு படகை வரவழைப்பார் என்று பயம்.

பகீத் எழுந்து, அலமாரியிலிருந்து குர்ஆனை எடுத்து வந்தார்.

“இது மேல கை வச்சு, பார்க்கலைன்னு சொல்லுங்க. அத்லான், முதல்ல நீ வா.”

பசு கண்ணில் படவில்லை என்று பயணிகளிடம் பொய் சொன்னவன்தான். ஆனால் இங்கே வாய் வரவில்லை. படகு நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் தெரியும்.

“பார்த்தேன், ரயீஸ். கன்னு போட்டிருக்கு. அதான் துணி ஏத்தலை. யார்கிட்டயும் காசு வாங்கலை.”

ஈத்தை நிமிர்ந்து பார்க்க அத்லானுக்குத் துணிவில்லை.

“அடுத்து ஈத்” என்றார் பகீத்.

ஈத் கையை நீட்டினான். குர்ஆனுக்கு ஒரு சாண் மேலே கை நின்றுவிட்டது.

“நானும் பார்த்தேன்.”

“அடப்பாவி, இப்பத்தானே அந்தக் கத்து கத்தினே?” என்றான் அத்லான்.

“கத்தினா என்மேல சந்தேகம் வராதுன்னுதான் மச்சான்.”

சுவரோரம் ஒருவர் இருமினார். இன்னொருவர் தலையைச் சொறிந்தார். பிறகு, கூப்பிடாமலே ஒவ்வொருவராக ‘நானும்’ என்றார்கள். சத்தியம் செய்ய ஒரு ஆள் மிஞ்சவில்லை. ஊர் வயிற்றில் அடிக்கிறோமே என்று ஒவ்வொருவனும் தனித்தனியாக வெந்துகொண்டிருந்திருக்கிறான். அத்லானுக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கன்று வளரும்வரை ஆமையைக் காட்டுவோம், வருகிறவன் வரட்டும் என்றான் ஒருவன். ஒரு பசுவே இத்தனை பேரைக் காப்பாற்றியது, இனி இரண்டு என்றார் இன்னொருவர். ஆனால் தண்டனை என்ன ஆகும் என்று எல்லார் கண்ணும் பகீத் பக்கம் போயிற்று. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எல்லாரையும் கேட்டீங்க ரயீஸ்” என்றான் ஈத், துணிச்சல் வந்து. “நீங்க மட்டும் சத்தியம் பண்ணலையே?”

பகீத் குர்ஆனை முத்தமிட்டு அலமாரியில் வைத்தார்.

“நானும்தான் பார்த்தேன். உங்கள்ல ஒருத்தன் பார்க்கலைன்னு சத்தியம் பண்ணியிருந்தாலும், தலைமையை அவன்கிட்ட கொடுத்துட்டு என் படகைக் கரையேத்தியிருப்பேன்டா.”