அந்த வண்டியில் இருப்பாள்

அவள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது இரண்டு கேரவன்களும் கிளம்பியிருந்தன.

பெரியது முன்னால். சின்னது பின்னால். தெருமுனையில் திரும்பி மறைந்தன.

அவள் கூப்பிடவில்லை. அறுபத்திரண்டு வயதில் வண்டிக்குப் பின்னால் ஓடுகிற அளவுக்கு அந்த ஆறு பேர் மேல் அவளுக்கு மரியாதை இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று தெரியும். பெரிய வண்டிக்காரர்கள் அவள் சின்னதில் இருப்பதாக நினைத்திருப்பார்கள். சின்ன வண்டிக்காரர்கள், பெரியதில் என்று.

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த மூன்று தோழிகள். அவர்களுடைய மூன்று கணவர்கள். மிச்சம் இவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். எந்த வண்டியில் அடுப்பு பற்றவைக்க வேண்டுமோ அந்த வண்டியில் இவளுக்கு இடம்.

நாற்பது வருட நட்பாம்.

'அவசரமே இல்லாத பயணம்' என்று வாட்ஸப்பில் எழுதியவள் சுகந்தி. தரங்கம்பாடிக் கோட்டையைப் பதினோரு நிமிடத்தில் முடித்தார்கள். அதில் ஏழு நிமிடம் செல்ஃபி. சுகந்தியின் கணவர் ராஜமன்னார் ஏசியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்து, இவ்வளவுதானா என்றார். அந்த ஆளுக்கு இமயமலையைக் காட்டினாலும் இதைத்தான் சொல்வார்.

அவள் கடலோரச் சுவரில் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

யாராவது ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். ஆளைக் காணோமே என்று பதறுவாள். ஒருத்தி போதும்.

பொறையாறு தாண்டியிருப்பார்கள்.

காரைக்கால் வந்திருக்கும்.

அவர்களை ஒரு பொருட்டாக மதிக்காதவள் ஏன் நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்க்கிறாள்? அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து போன் அடித்தது. சுகந்தி.

முதல் மணியிலேயே எடுத்தாள். வெட்கக்கேடுதான்.

"ஏண்டி, காபி ஃபில்டரை எங்க வச்சுத் தொலைச்ச? இவருக்குத் தலைவலி மண்டையைப் பிளக்குது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ, கேக்குதா? நாகூர்ல நிப்பாட்டுவோம். அந்த வண்டியிலேர்ந்து இறங்கி இங்க வந்துடு. மத்தியானச் சமையல் இந்த வண்டியிலதான்."

"சிங்க்குக்குக் கீழ. ரெண்டாவது டிராயர்" என்றாள்.

சுகந்தி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் அழுகை வந்தது. அந்தக் கூட்டத்துக்காக அழுகை ஒரு கேடா என்று முகத்தைத் துடைத்தாள். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள்.

எழுந்து கோட்டைக்கு நடந்தாள். மெதுவாக. சுருண்டு கிடந்த நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

டிக்கெட் கொடுப்பவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

"மறுபடியுமாம்மா? கூட வந்தவங்கல்லாம் எங்க?"

"என்கூட யாரும் வரலையே" என்றாள்.