கூட்டுத்தொகை அறுபத்தொன்று

பதினேழாவது குடிசையின் எண்ணையும் தட்டிவிட்டுக் கரீம் பாட்சா கையை எடுத்தான்.

கருந்திரையில் பச்சை எழுத்துகள் ஒரு கணம் நடுங்கி நின்றன. சென்ற ஆண்டின் கணக்கெடுப்புப் பட்டியலுக்குள் கம்ப்யூட்டர் புகுந்தது. ஒவ்வொரு குடிசைக்கும் நேரே எழுதியிருந்த தலைகளின் எண்ணிக்கையைத் தேடி எடுத்து, வரிசைக்கு வரிசை கொண்டுவந்து வைத்தது. அடியில் கூட்டுத்தொகை விழுந்தது.

அறுபத்தொன்று.

காட்கோபர் மலைச்சரிவில் நேற்று விடியும் முன்னே மண் இறங்கியது. பதினேழு குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது சேறு மட்டுமே இருந்தது. எத்தனை பேரைத் தேடவேண்டும் என்று அங்கே நின்ற எவருக்கும் தெரியவில்லை. ஆகவே செம்பூர் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இந்த இயந்திரத்தைக் கேட்டார்கள்.

மேலதிகாரி வானமாமலை மாதுங்காவிலேயே வளர்ந்த தமிழர். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“கூட்டிட்டியா இல்லையா கரீம்? இத்தனை பெரிய மிஷினை வாங்கி வெச்சது என்னத்துக்கு, ஊதுபத்தி ஏத்திச் சேவிக்கவா?”

கரீம் தொகையைச் சொன்னான்.

அவர் முகத்தின் இறுக்கம் நேற்றிலிருந்து முதன்முறையாகத் தளர்ந்தது. உயிரோடு எடுத்தவர், பிணமாக எடுத்தவர், வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தவர் என்று மீட்புப் படையின் தலைவன் சேர்த்துச் சொன்னதும் அறுபத்தொன்றுதான். கணக்கு நேராகிவிட்டது.

கணக்கு நேரானால் மண்வெட்டிகள் நிற்கும். மலை இன்னும் சரியக்கூடும். ஆட்களை இறக்கிவிட்டுப் புல்டோசர் ஏறும், அனைத்தையும் சமமாக்கிவிடும்.

கரீமின் கண் ஒன்பதாவது வரிசையை விட்டு நகரவில்லை.

மதீனா பீவி. நான்கு.

அந்தக் கணக்கெடுப்பை எடுத்தவனும் அவனே. சரிவில் குடியிருந்தவர்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவனும் அந்தப் பக்கத்தான் என்பதால் அனுப்பினார்கள். வீட்டுத் தலைகளை எண்ணி அந்நியனிடம் சொன்னால் கண்பட்டு ஒன்று போய்விடும் என்ற அச்சத்தை அந்தச் சனங்கள் ரயிலேறும்போதே மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மனைக் கும்பிட்டவளும் அல்லாவைத் தொழுதவளும் அந்த ஒன்றில் மட்டும் பேதம் பார்க்கவில்லை.

மதீனா பீவி நான்கு என்றாள். அவளுக்குப் பின்னால், கதவாக வைத்திருந்த தகரத்தின் இடுக்கில், ஐந்தாவதாக ஒரு சிறுமி முன்பல் விழுந்த வாயால் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு என்றே எழுதினான்.

எழுதப்படாத உயிரை இயந்திரம் தேடாது. இயந்திரம் தேடாத உயிரை மண்வெட்டி தேடாது. காகிதத்தில் பிறவாதவளுக்கு மண்ணுக்குள் மூச்சிருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன?

வாயைத் திறந்தால் வேலை போகும் என்று அவனுக்குத் தெரியும். வேலை போவதோடு முடிகிற சங்கதியும் அல்ல அது.

வானமாமலை தொலைபேசியில் இந்திக்கு மாறினார். டேலி ஆகிவிட்டது என்று தொடங்கினார்.

“சார், போனை வைக்காதீங்க. தோண்டுறத நிறுத்தச் சொல்லாதீங்க. எங் கணக்குல ஆள் கொறையுது.”

அவர் ஒலிவாயைக் கையால் பொத்தினார். திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். எந்த வரிசையில் என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தையே திரும்பத் தோண்டச் சொல்லிவிடலாம்.

கரீம் திரையைப் பார்த்தான்.

அந்தச் சரிவின் முதல் கதவில் ஒருத்தியும் அவனுக்கு வாய் திறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவனுக்கு முன்னே போன இருவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். அவனோ மூன்றே நாளில் முடித்தான். இதே வானமாமலை அவன் தோளில் தட்டிப் பாராட்டினார். எப்படி முடித்தான் என்று கேட்டவரில்லை.

ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் அவன் சொல்லிப் பார்த்தான். ஒண்ணக் கொறச்சே சொல்லுங்க தாயி, கண் படாது. உடனே வாய்கள் திறந்தன. பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் எந்தக் கதவையும் அவன் தட்டவில்லை.

வானமாமலையின் காதோரத் தொலைபேசி வழியாக, மறுமுனையில் புல்டோசர் உறுமிக் கிளம்பும் ஓசை கேட்டது.

“எல்லா வரிசையிலயும், சார்.”