ஆறு கிலோ ஈயம்

மணல் மூட்டைக்கு சீட் பெல்ட் எட்டவில்லை.

தலைமை மெக்கானிக் மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஊஹூம். போன மாதம் வரை கச்சிதமாக மாட்டிய பெல்ட். எரிச்சலோடு அதை விட்டுவிட்டு, சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்த எடைத் தட்டுகளின் திரையைப் பார்த்தவருக்குப் பகீரென்றது.

ஆறு கிலோ கூடுதல்!

நாளைக்கு தேசிய சாம்பியன்ஷிப்பின் கடைசி ரேஸ். காரை ஓட்டும் அவர் தம்பி இரண்டே புள்ளி முன்னால் நிற்கிறான். இந்த நேரம் பார்த்து, காருக்குள் ஆறு கிலோ எங்கிருந்து வந்து குந்தியது?

மூட்டையைச் சந்தேகிக்க வழியில்லை. சீசன் தொடக்கத்தில் தம்பியை நிறுத்தி எடை போட்டு, அதே எடைக்கு அவரே மணல் அள்ளிக் கட்டியது. பட்டறையில் காரை எடை பார்க்கும்போதெல்லாம் ஓட்டுகிறவனுக்குப் பதில் அதுதான் உட்காரும். "உனக்கு இவன் எவ்வளவோ தேவலைடா. எதிர்த்துப் பேச மாட்டான்" என்று தம்பியிடம் கேலி வேறு.

சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். விரலில் சில்லென்று ஏதோ பட்டது. இரண்டு ஈயத் தகடுகள். அவர் மாட்டியவை அல்ல.

போன ரேஸ் முடிந்ததும், தம்பியை இறங்கவே விடாமல் அதிகாரிகள் காரை எடை மேடையில் ஏற்றினார்கள். காரும் ஆளும் சேர்ந்து இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடை இம்மி பிசகாமல் இருந்தது. அப்படியென்றால் இந்த ஈயம் அதற்குப் பிறகு வந்தது. காரைக் கனக்க வைத்து நாளை கவிழ்க்கப் பார்க்கிறான் எவனோ!

எவனோ என்ன எவனோ? புதுசுதான்!

சீசன் நடுவில் எதிர் டீமிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மெக்கானிக். ஆரம்பத்தில் மூன்று ரேஸை வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்த கார், இவன் வந்த பிறகு கடைசிச் சுற்றுகளில் துவண்டு துவண்டு விழுகிறது. முதலில் டயரிலோ பிரேக்கிலோ விளையாடியிருப்பான். இப்போது ஈயம்.

ஈயத்தைப் பற்றி மூச்சுவிடாமல், பேச்சில் ஒரு கொக்கி மட்டும் போட்டுப் பார்த்தார்.

"புதுசு! பெல்ட்டை யாருய்யா சுருக்கினது?"

"நான் தொடலையேண்ணே."

"நீ எதைத்தான் தொட்ட? அங்க விசுவாசம், இங்க டீயும் வடையும்!"

"வடை தப்புண்ணே. டீ மட்டும்தான்."

கொளுத்துகிற வெயிலிலும் டீம் ஜாக்கெட்டைக் கழற்றாத தம்பி, கதவோரம் சாய்ந்தபடி சிரித்தான். "விடுண்ணா. போன வருஷம் தண்ணி கேன் போடறவரையே உளவாளின்னு தெருக்கோடி வரைக்கும் துரத்தினவன்தானே நீ?"

"நீ சும்மா இருடா. வா, எல்லாரும் சாப்பிடப் போலாம்."

"பசிக்கல. நீங்க போங்க."

ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டு, தலைமை மெக்கானிக் பின்பக்கக் கதவு வழியாகப் பூனை போலத் திரும்பி வந்தார். காலியாகக் கிடந்த பட்டறையில், அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் குந்தினார். திருடன் தனியாக மாட்ட வேண்டும். மாட்டினால் இன்றைக்கு அவன் முதுகுத் தோல் உரியும்.

கொஞ்ச நேரத்தில், பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குள் ஓர் உருவம் குனிந்து நுழைந்தது. டீம் ஜாக்கெட். முகத்தை மறைத்த தொப்பி. நேராகக் காருக்குப் போய், மூட்டையைத் தள்ளிவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை நுழைத்தது.

அந்தக் கையில் இன்னொரு ஈயத் தகடு!

பாய்ந்து காலரைப் பிடித்தார். தொளதொளவென்று ஜாக்கெட் பாதி கழன்று அவர் கையோடு வந்தது.

"மாட்டினியா, புதுசு!"

திரும்பிய முகம் புதுசுடையது அல்ல.

தம்பி.

அண்ணன் வெடித்தார். "நீயா? உன் காருக்கு நீயே ஈயம் வைக்கிறியா? யாருக்குடா விலை போன?"

"மெதுவாப் பேசுண்ணா. வெளியில கேக்கும்."

"கேக்கட்டும்! அப்பா கடையை வித்து முதல் கார் வாங்கிக் கொடுத்தாரேடா. இந்தப் பட்டத்தைப் பார்க்கணும்னுதானே உட்கார்ந்திருக்காரு? தோக்கறதுக்காடா இவ்வளவும்?"

"தோக்கறதுக்கு இல்லண்ணா. இந்த ஈயம் இல்லாம நாளைக்கு ஜெயிச்சேன்னு வை, மேடையில எடை குறையுதுன்னு பட்டத்தைப் பிடுங்கிடுவாங்க."

"எனக்கே பாடம் நடத்துறியா? மூட்டையை உட்கார வச்சு இப்பத்தானே பார்த்தேன்! ஆறு கிலோ கூட இருக்குடா, கூட!"

தம்பி தோளில் தொங்கிய மிச்ச ஜாக்கெட்டையும் கழற்றிக் காரின் மேல் போட்டான். பனியனுக்கு வெளியே தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. முழங்கை மடிப்பில், ஊசி ஏற்றிய இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் காயவில்லை.

மெக்கானிக்கின் கை காலரைத் தேடி, காற்றில் அப்படியே நின்றது.

"நாளைக்கு ஒரு நாள்தான். அப்புறம் ஆஸ்பத்திரியில படுத்துக்கறேன்." மூன்றாவது தகட்டை அண்ணனின் கையில் வைத்தான். "இதையும் நீயே மாட்டிடு."

"மூட்டை... மூட்டை கூடத்தானேடா காட்டுச்சு..."

"மூட்டை இளைக்காதுண்ணா."