பேர் இல்லாத சீட்டு

காலை பத்தரை மணிக்கே அந்த மனிதர் தள்ளாடிக்கொண்டு மருந்துக்கடைக்குள் வந்தார். நேரே வைத்த கால் பக்கவாட்டில் போக, இருமல் மருந்து அடுக்கில் தோளை இடித்துக்கொண்டு, கண்ணாடி மேஜையைப் பிடித்து ஒரு வழியாக நின்றார்.

'விடிஞ்சதும் விடியாததுமா ஊத்திக்கிட்டு வந்தாச்சு!' என்று பல்லைக் கடித்தாள் வாத்தியாரம்மா. அவள் வாத்தியார் இல்லை, அந்தக் கடையின் மருந்தாளுநர். மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் நின்று வகுப்பெடுப்பதால் முதலாளி வைத்த பேர் அது.

பேர் வைத்ததோடு நின்றாரா மனுஷன்? போன வாரம் அவள் ஒரு டாக்டருக்கே போன் போட்டு, "இந்த அளவு சரிதானா சார்?" என்று கேட்டுவிட்டாள். அவர் முதலாளியிடம் எகிற, முதலாளி இவளிடம் எகிறினார். "இன்னொரு தடவை டாக்டருக்குப் பாடம் எடுத்தேன்னா, மறுநாள் இந்தப் பக்கம் வராதே!"

வந்தவர் ஒரு சீட்டை நீட்டினார். மனச்சோர்வு மாத்திரை, ஒரு மாதத்துக்கு. வாயில் வாடை இல்லை, சட்டையில் இஸ்திரி கலையவில்லை. ஆனால் கண் மட்டும் அவளைப் பார்ப்பதாக நினைத்து அவளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தது.

"உடம்புக்கு என்ன சார்?"

"தலை சுத்துதும்மா. எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டா தெரியுது. மூணு வாரமா இதே பாடு."

"இந்த மாத்திரை எப்பலேருந்து?"

"ஒரு மாசமா."

"கூட வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்லையே..." என்று இழுத்தவர், பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். "வலிப்புக்கு இது. பதினஞ்சு வருஷமா சாப்பிட்டு, பல் விளக்குற மாதிரி ஆயிடுச்சு. இதைப் போய் மாத்திரைக் கணக்குல சேர்க்கவே தோணல."

அட்டையைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. குடிகாரர் என்று நினைத்ததற்கு மனசுக்குள்ளேயே தலையில் குட்டிக்கொண்டாள்.

"ஐயோ சார், அந்தப் புது மாத்திரை உள்ள போனா, இது உடம்பை விட்டு லேசுல வெளியேறாது. ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். அதான் இந்தத் தள்ளாட்டம். இந்த லட்சணத்துல ரோட்டைத் தாண்டினா என்ன ஆகிறது?"

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடியில கொட்டை எழுத்துல 'வேறு மருந்து சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லவும்'னு அச்சடிச்சிருக்காரு. அச்சடிச்சா போதுமா? வாயைத் திறந்து உங்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"எல்லாரையும் கேப்பார்மா. என்னைத்தான் கேக்கல."

"நல்லா இருக்கு! சீட்டுல உங்க பேரைக்கூட எழுதல."

"அவசரத்துல விட்டிருப்பார்."

அச்சிட்டிருந்த விலாசம் ஊரின் அந்தக் கோடி. "ஒரு மாத்திரைக்காக இவ்வளவு தூரமா வந்தீங்க? அங்க கடையே இல்லையா?"

"இருக்கு. அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. மனசு சரியில்லை என்றால் திருடனைப் போல ஒளிந்து ஒளிந்தா மருந்து வாங்க வேண்டும்? அந்தப் பரிதாபமெல்லாம் முகம் தெரியாத அந்த டாக்டர் மேல் கோபமாகத் திரும்பியது.

"ரெண்டுல எதையும் நீங்களா நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. துணைக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே உங்க வலிப்பு டாக்டர்கிட்ட போங்க, ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இதை எழுதின மகராசனை நாலு வார்த்தை கேக்காம நான் விடமாட்டேன்." போனைக் கையில் எடுத்தாள்.

கல்லாவில் இருந்த முதலாளி கனைத்தார். "வாத்தியாரம்மா, போன வாரம் நான் என்ன சொன்னேன்?"

அவள் கை நின்றது. நாலு இடத்தில் ஏறி இறங்கிக் கிடைத்த வேலை இது. இதை விட்டால் அடுத்தது எப்போதோ? எதிரே அந்த மனிதரின் விரல்கள் கண்ணாடி மேல் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"வேலை போனா போகட்டும் முதலாளி. இவர் ரோட்டுல விழுந்துட்டா யார் பதில் சொல்றது?"

"வேண்டாம்மா!" பதறிப்போய்ச் சட்டைப் பையைத் தடவினார் வந்தவர். "அவர் இப்ப எடுக்க மாட்டார்."

"எடுக்கிற வரைக்கும் அடிப்பேன். எடுத்ததும் திட்டுவேன். ஊருக்கெல்லாம் மருந்து எழுதுறவருக்கு இதுகூடவா தெரியாது?"

சீட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மணி அடித்தது. கடைக்குள்ளேயே அடித்தது. முதலாளி தன் போனை எடுத்துப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

வந்தவர் தன் போனை எடுத்துக் காதில் வைத்தார். முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்க்க முயன்றார்.

"திட்டும்மா. டாக்டர்தான் பேசுறேன்."