தூணுக்கு விழுந்த மாலை

புது ஆஸ்பத்திரி ஒன்றின் அடியில் மூன்று பேர் இருந்தார்கள். கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் தூண், அதன் காலடியில் கனத்த ரப்பர் மெத்தை, பக்கத்தில் ஆட்டத்தை அடக்குவதற்கென்று பொருத்திய ஷாக் அப்சார்பர்.

தூணுக்கு வாய் ஓயவே ஓயாது. “வளைஞ்சு குடுக்கறதெல்லாம் ஒரு பிழைப்பா? பூமியே புரண்டாலும் நான் அசைய மாட்டேன்.”

“நீங்க அசையவே வேண்டாம்ண்ணா. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்,” என்றது ரப்பர்.

ஒரு மத்தியானம் பூமி நிஜமாகவே ஆடியது. ரப்பர் இரண்டு பக்கமும் இழுபட்டுச் சூடேறியது. கட்டடம் ஊஞ்சலாகிவிடாமல் ஷாக் அப்சார்பர் மல்லுக்கட்டிப் பிடித்தது. தூணோ, “ஐயோ, விரிசல் விட்டுடுவேன் போலிருக்கே!” என்று அலறியது.

“கண்ணை மூடிக்கோங்கண்ணா, இதோ முடிஞ்சுடும்,” என்றது ரப்பர்.

முடிந்தது. மேலே பிரசவ வார்டில் ஒரு குழந்தைகூட விழிக்கவில்லை. ஊழியர்கள் ஓடி வந்தார்கள். தூணைத் தட்டிப் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டார்கள்.

“பார்த்தீங்களா? என்னைக் கண்டு பூமியே பயந்துடுச்சு!”

ஷாக் அப்சார்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அக்கா, அடுத்த தடவை நாம சும்மா இருந்துடலாமா? ஒரே ஒரு தடவை?”

ரப்பர் யோசித்தது. கொஞ்சம் அதிகமாகவே யோசித்தது. அதற்குள் மேலே ஒரு குழந்தை பாலுக்கு அழுதது.

“போடா,” என்றது ரப்பர்.

“அங்கே என்ன முணுமுணுப்பு?” என்று அதட்டியது தூண். “காலடியெல்லாம் ஒரே சூடு. இவ்வளவு பாடுபட்டு நிக்கறேன், ஒருத்தருக்காவது விசிறிவிடத் தோணுதா?”