கழுதையின் முழங்கால்

மலையைச் சுற்றி ஓடும் பந்தயத்துக்காகத் தினமும் ஓடிப் பழகிய கழுதைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது.

"நொண்டுறியே அக்கா," என்றது குளத்தங்கரைக் கொக்கு.

"நொண்டலை. காலை மாத்தி வைக்கிறேன்."

"அப்படி வச்சா நல்ல காலும் போயிடும். வீக்கம் வத்துறவரை ஓடாதே. தண்ணியில இறங்கி நட."

மற்றவர்கள் புழுதி பறக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் நடப்பது வலியைவிடக் கொடுமையாக இருந்தது. ஆனாலும் நடந்தது. வீக்கமும் வற்றியது.

பந்தயத்தன்று பாதி வழியில் முழங்கால் மறுபடி சுருக்கென்றது. கழுதை கூச்சப்படாமல் நடந்தது. வலி அடங்கியதும் ஓடியது. பொழுது சாயும்போது எல்லைக்கோட்டை நெருங்கியது.

"எல்லாரும் எப்பவோ வந்தாச்சு," என்றது கோட்டின்மேல் உட்கார்ந்திருந்த முயல்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு தம்பி," என்றது கழுதை. "நான் தாண்டணும்."