பைக்குள் ஒரு கப்

“உவள் றொசானா இண்டைக்கும் கப்போடதான் வந்திருக்கிறாள், பாருங்கோ!”

மண்டபத்துக் குசினி வாசலில் நின்று இமெல்டா தன் கணவர் பற்றிக்கின் விலாவில் இடித்தாள்.

பற்றிக் பார்த்தார். மேடையில், மடியில் துணிப்பையோடு றொசானா உட்கார்ந்திருந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு நீலக் கப்பின் காது எட்டிப் பார்த்தது.

“கப் தானே? துவக்கே, குண்டே கொண்டு வந்தவள்?”

“உங்களுக்கு ஒண்டும் விளங்காது. நத்தார் கரோலுக்கும் இதே கப். ஈஸ்டருக்கும் இதே கப். நான் தேத்தண்ணி நீட்டினா, ‘இதுக்குள்ள விடுங்கோ அக்கா’ எண்டு தன்ர கப்பை நீட்டுறாள். எங்கட கப்பில அவ வாய் வைக்கமாட்டாவாம். என்ன திமிர்!”

“சளி கிளி இருக்கும்.”

“நத்தாரிலயிருந்து ஜூலை வரைக்குமோ சளி?”

பற்றிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, இமெல்டாவோடு குடும்பம் நடத்திய அனுபவத்தில், மூடிக்கொண்டார்.

கனடாவில், வில்லரேயில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் மண்டபத்தில் அன்று மண்டேலா தினம். மேடையில் படம். படத்துக்கு மாலை. கீழே பிள்ளைகள் தாளில் கீறிய கறுப்புக் கையும் வெள்ளைக் கையும், ஒன்றையொன்று பிடித்தபடி.

பேச்சு மட்டும் றொசானாவுக்கு. அதுதான் இமெல்டாவுக்கு நெஞ்சில் முள்.

அவள் மகள் மெலனி தமிழிலும் பேசுவாள், பிரெஞ்சிலும் பேசுவாள். அவளை விட்டுவிட்டு, நேற்று வந்தவளுக்கு, டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாடு அடுக்குகிறவளுக்கு, பாதர் மைக்கைக் கொடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? புதிதாக யார் வந்தாலும் “ஊரில எவடம்?” என்று முதலில் விசாரித்து வைக்கிற இமெல்டாவுக்கே இதன் அர்த்தம் பிடிபடவில்லை.

பாதர் குசினிக்குள் தலையை நீட்டினார்.

“இமெல்டா, மேடையில இருக்கிறவைக்குத் தேத்தண்ணியைக் குடுங்கோ. பேந்து தொடங்குவம்.”

மண்டபத்துக் கப்புகளை இமெல்டா என்றைக்கும் நம்பியதில்லை. வீட்டிலிருந்து ரோசாப்பூக் கப் செட்டைக் கொண்டு வந்திருந்தாள். தங்க விளிம்பு. தட்டில் ஐந்தும் பளபளத்தன.

“வடிவான கப். ஆனா நாங்கள் ஆறு பேரல்லோ? ஒண்டு குறையுதே?”

“செட்டில ஒண்டு உடைஞ்சு போச்சு, பாதர்.”

பற்றிக் சட்டென்று யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை.

“சரி, அப்ப எனக்கு வேண்டாம். மற்றவைக்குக் குடுங்கோ.”

இமெல்டா மேடை ஏறினாள். வேண்டுமென்றே நல்லதாக ஒரு கப்பைத் தெரிந்தெடுத்து றொசானாவின் முன்னால் வைத்தாள்.

றொசானா அதைத் தொடவில்லை. பையைத் திறந்தாள். நீலக் கப் வெளியே வந்தது.

“இதுக்குள்ள விடுங்கோ, அக்கா.”

இதற்காகத்தானே காத்திருந்தாள் இமெல்டா! குரல் கடைசி வரிசைவரை போயிற்று.

“பாதர், இதைக் கொஞ்சம் பாருங்கோ! மண்டேலா ஆர்? கறுப்பருக்கு ஒரு வாசல், வெள்ளையருக்கு ஒரு வாசல் எண்டு வச்சிருந்ததை உடைக்க இருபத்தேழு வருசம் மறியல் கம்பிக்குப் பின்னால கிடந்த மனுசன். அவரைப் பற்றிப் பேச வந்தவ, எங்கட கப்பைத் தொடமாட்டாவாம். கனடாவுக்கு வந்தும் ஆக்களுக்குள்ள பேதம் பாக்கிறவ, அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு என்னத்தைப் பேசுறது? என்ர மெலனி பேசட்டும்!”

முன்வரிசையில் மெலனி பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாதர் திகைத்துப்போனார். “என்ன பிள்ளை இது, றொசானா?”

“ஒண்டுமில்லை, பாதர். மெலனியே பேசட்டும். எனக்குப் பரவாயில்லை.”

அவள் பேச்சுத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

இமெல்டா விடுகிற ஆளா?

“அப்பிடி நழுவேலாது. எங்கட கப்பில என்ன குறை எண்டு சொல்லிப்போட்டுப் போம். இந்தாரும் மைக். எல்லாரும் கேக்கட்டும்.”

பற்றிக் கீழேயிருந்து கையைக் காட்டினார். “இமெல்டா, விடுமன்…”

“நீங்கள் சும்மா இருங்கோ!”

றொசானா மைக்கை வாங்கினாள். வாங்கி, உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். ஒரு சத்தமும் அதற்குள் போகாதபடி. பிறகு இமெல்டாவின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“போன ஒக்டோபர் உங்கட வீட்டுச் செபமாலைக்கு வந்தனான், அக்கா. இதே ரோசாப்பூக் கப்பிலதான் தேத்தண்ணி தந்தனீங்கள். நான் குடிச்சு முடியத்தான், ஊரில எவடம் எண்டு கேட்டனீங்கள். சொன்னன். நாங்கள் என்ன சாதி எண்டு உங்களுக்கு விளங்கியிட்டுது. சிரிச்சுக்கொண்டு கப்பை வாங்கினீங்கள்.”

இமெல்டா மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

“கழுவ உதவி செய்வமெண்டு பின்னால குசினிக்க வந்தனான். கப் குப்பை வாளிக்குள்ள கிடந்தது. உடையேல்லை.”

றொசானா மைக்கைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை.

“வடிவான செட், அக்கா. என்னால இன்னுமொண்டு குறையக்கூடாதெண்டுதான்…”